செனட்டரின் சட்டைப் பொத்தான்கள்

கெல்லிவில் புறநகரில் வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும். ஆனால் செனட்டர் ஐயாவின் வீட்டைச் சிவகௌரி பஸ்ஸிலிருந்தே பிடித்துவிடுவாள். ஜன்னலோரம் ஒரு கதிரை, கதிரையில் ஐயா. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு இருப்பார். ஆள் இல்லாவிட்டால் நாய்க்கு அசைப்பார். ஊர் ஊராய்ப் போய் வாக்குக் கேட்ட கை அல்லவா, சும்மா கிடக்காது.

அவருடைய பெயர் ஹெர்மினியோ தகுலாவ். பிலிப்பைன்ஸ் நாட்டில் நெடுங்காலம் செனட்டராக இருந்தவர். மனைவி கண்ணை மூடிய பிறகு, இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிற மகள் லூர்டெஸ் அவரைத் தன்னோடு கூட்டி வந்துவிட்டாள். மகள் வேலைக்குப் போகிற நேரம் ஐயாவைப் பார்ப்பதுதான் சிவகௌரியின் வேலை.

சிவகௌரி முல்லைத்தீவுக்காரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. புருஷன் தேவராஜாவோடு படகேறி வந்து, தற்காலிக விசாவிலேயே தலையில் நரை கண்டுவிட்டாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறை சொல்வதில்லை. சொல்ல வேண்டியதை மேய்ஸ் ஹில் கோயில் முருகனிடம் சொல்லுவாள். அவனும் கேட்டுக்கொண்டு இருப்பான்.

ஐயாவும் அவளும் பேசிக்கொள்வது இங்கிலிஷில். அவருடையது சபையில் பேசுகிற இங்கிலிஷ், இவளுடையது சந்தையில் பேசுகிறது. நடுவில் எங்கோ சந்தித்துக்கொள்வார்கள்.

காலையில் கஞ்சி கொடுக்கும்போது ஐயா தான் கொண்டுவந்த சட்டங்களைச் சொல்லுவார். முதியவர்களுக்கு மருந்துக் கடையில் விலைக் கழிவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு. தனியாய்ப் பிள்ளை வளர்க்கிற தாய்மாருக்கு லீவு. கடையில் நிற்கிற பெண்களுக்கு உட்காரக் கதிரை. சிவகௌரிக்கு மிகவும் பிடித்தது இந்தக் கதிரைச் சட்டம்தான். அவள் முன்பு ஒரு பலகாரக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவள். கால் வீக்கம் இன்னும் முழுக்க வற்றவில்லை. ஏழாவது சட்டம் வருகிற நேரம் கஞ்சி முடிந்து, ஐயா கண்ணயர்ந்துவிடுவார். அதனால் ஏழாவது சட்டம் என்னவென்று அவளுக்கு நெடுநாளாய்த் தெரியாது.

ஒருநாள் அவரை இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்குக்கு அழைத்துப் போனாள். இனிப்புக் கடையில் ஐயா தன் ஊர் முதியோர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கடைக்காரர் மகாதேவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது எந்த ஊர் கார்டு?"

"பிலிப்பைன்ஸ். விலை குறைக்கிற சட்டம் இவர்தான் போட்டவர். அங்கத்தைய செனட்டர்."

"நம்ம ஊர் எம்.எல்.ஏ. மாதிரியா?"

"அதுக்கும் மேலை."

"அப்படின்னா இவர்கிட்ட காசே வாங்கக் கூடாது," என்றார் மகாதேவன். காசை வாங்கிக்கொண்டார். ஆனால் பொட்டலத்தில் ஒரு ஜிலேபி கூடப் போட்டார்.

"பார்த்தாயா," என்றார் ஐயா வெளியே வந்து. "சட்டம் கடல் கடந்தும் செல்லுபடியாகிறது."

இப்படி ஒழுங்காய்ப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஐயா குளியலறையில் விழுந்தார். எலும்பு முறியவில்லை, கடவுள் காத்தார். ஆனால் அதற்குப் பிறகு விரல்கள் சொன்ன சொல் கேட்பதில்லை. எழும்பி நிற்க ஆள் பிடிக்க வேண்டும். மற்ற விஷயங்களுக்கும் ஆள் வேண்டும். அவற்றை வெளியில் சொல்வது அழகில்லை.

லூர்டெஸ் ஒருநாள் சிவகௌரியைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அரசாங்க உதவிக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். வியாழக்கிழமை ஒரு பெண் வந்து அப்பாவைப் பார்த்து, எவ்வளவு உதவி தேவை என்று முடிவு செய்வாளாம். உதவி கிடைத்தால் அப்பா இந்த வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் முதியோர் இல்லம்தான், வேறு வழியில்லை. தனக்கு அன்றைக்கு லீவு தரமாட்டார்கள் என்றாள். போகும்போது, "அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருக்கட்டும். ஒன்றும் செய்யாதே," என்றும் சொன்னாள்.

அந்தக் கடைசி வசனம்தான் சிவகௌரிக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது ஒன்றும் செய்யாமல் இருப்பது எப்படி?

புதன்கிழமை கோயிலுக்குப் போனாள். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் ஐயர்.

"ஹெர்மினியோ."

"நட்சத்திரம்?"

"கத்தோலிக்கம்."

ஐயர் தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, சுவாமி பேருக்கே செய்வம்," என்றார்.

இரவுச் சாப்பாட்டின்போது தேவராஜா கேட்டான்: "இத்தனை சட்டம் போட்ட மனிசன், எங்களுக்கு ஒரு விசாச் சட்டம் போட்டுத் தர ஏலாதோ?"

"அவர் தன்ரை நாட்டிலைதானே போடலாம்."

"அப்ப அங்கை போவம்," என்றான். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான்.

வியாழன் காலையில் சிவகௌரி நேரத்தோடே வந்துவிட்டாள். வீடு முழுக்கக் கூட்டித் துடைத்தாள். கட்டிலில் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து ஒளித்தாள். நடக்கப் பிடிக்கிற சக்கர வண்டியைக் கராஜில் விட்டாள். ஐயாவைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் தடவி, அன்னாசி நாரில் நெய்த வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டாள். அந்தச் சட்டையின் பொத்தான்கள் மிளகு போலச் சின்னவை. ஒவ்வொன்றாய்ப் பூட்டி முடிக்க நேரம் எடுத்தது. ஐயா நாடியை உயர்த்திக்கொண்டு, படத்துக்கு முகம் காட்டுகிறவர்போல அசையாமல் இருந்தார். பிறகு உழுந்து வடை சுட்டாள். அப்படியே இருக்கச் சொன்ன வீடு அதற்குள் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

வந்த பெண்ணின் பெயர் யாமினி. கோயம்புத்தூர்ப் பிள்ளை. சிவகௌரியைக் கண்டதும் தமிழில் தொடங்கிவிட்டது.

"ஆன்ட்டி, எதுக்கு இதெல்லாம்? நான் டியூட்டியில இருக்கேன்."

"டியூட்டிக்கும் வயிறு இருக்குத்தானே பிள்ளை. சூட்டோடை சாப்பிடுங்கோ."

யாமினி ஒரு வடையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐயாவைப் பார்த்து இங்கிலிஷில் கேட்கத் தொடங்கினாள். நீங்களாக உடுத்துவீர்களா? ஐயா சட்டையைத் தடவிக் காட்டினார். "பார்த்தால் தெரியவில்லையா?" நீங்களாகக் குளிப்பீர்களா? "தினமும்." விழுந்ததுண்டா? "தேர்தலில் ஒரு தடவை." யாமினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையிலிருந்த திரையில் ஏதோ தட்டினாள்.

சிவகௌரி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் ஐயா முதியோர் இல்லத்துக்கு ஓரடி கிட்டப் போகிறார் என்பது இப்போதுதான் உறைத்தது. உடுப்பைப் போட்டது அவள். வண்டியை ஒளித்தது அவள். முருகா, ஒன்றும் செய்யாதே என்று சொன்னார்களே! இப்போது வாயைத் திறந்தால், ஒரு ஆம்பிளையின் அந்தரங்கத்தை அவர் முகத்துக்கு முன்னாலேயே போட்டு உடைக்க வேண்டும். அது பாவம். திறக்காவிட்டால் அதைவிடப் பெரிய பாவம்.

"ரொம்ப நல்லா இருக்கீங்க," என்று யாமினி எழுந்திருக்கப் பார்த்தாள். மரியாதைக்கு ஒன்று கேட்டாள்: "ஊரில் என்ன வேலை பார்த்தீர்கள்?"

அது கேட்கக் கூடாத கேள்வி. ஐயா முதலாவது சட்டத்திலிருந்து தொடங்கினார். மருந்து, மத்தியானச் சோறு, லீவு, கதிரை எல்லாம் வந்தது. அன்றைக்குக் கஞ்சி இல்லாததால் கண்ணயரவும் இல்லை. ஏழாவது சட்டமும் வந்தது.

"கிராமங்களில் முதியவர்களுக்கு உதவி கொடுக்கத் தொடங்கினோம்," என்றார் ஐயா. "அதிகாரிகள் வீடு வீடாய்ப் போனார்கள். என்ன நடந்தது தெரியுமா? எழும்ப முடியாத கிழவர்கள் எல்லாரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். வந்த அதிகாரிக்குக் கோழி அடித்து விருந்தும் வைத்தார்கள். அதிகாரி சாப்பிட்டுவிட்டு, இவருக்கு உதவி தேவையில்லை என்று வெட்டிவிட்டுப் போய்விட்டான். ஆகவே நான் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தேன். முதியவரைக் கேட்காதே, அவருக்குச் சோறு போடுகிறவரைக் கேள். கோழி அடித்த வீடாக இருந்தால் சொல்லாமல் இன்னொரு தரம் போய்…"

அவ்விடத்தில் நின்றுவிட்டார். யாமினியின் கையிலிருந்த வடையைப் பார்த்தார். அது பாதி கடித்த வடை. பிறகு தன் சட்டையைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டுகிற சத்தம் கேட்டது.

"அந்தப் பிரிவுக்கு எதிராக ஒருவரும் வாக்களிக்கவில்லை," என்றார் ஐயா கடைசியில். "நானும்தான்." சிவகௌரியைக் கைகாட்டினார். "அவளைக் கேளுங்கள். உங்கள் பாஷையிலேயே கேளுங்கள். நான் இருப்பேன், ஆனால் எனக்கு விளங்காது. அப்படித்தான் நல்லது." பிறகு அவளைப் பார்த்து, "நின்றுகொண்டு சொல்லாதே. கதிரை இருக்கிறது. சட்டமும் இருக்கிறது," என்றார்.

சிவகௌரி கதிரை நுனியில் உட்கார்ந்தாள். ஐயா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளை, நான் பொய்க்காரி இல்லை. ஆனா காலமை முழுக்கப் பொய்தான் செய்தனான்."

"பரவாயில்ல, சொல்லுங்க ஆன்ட்டி."

"உடுப்பு நான்தான் போட்டு விட்டனான். ஒரு பொத்தான் பூட்ட அவருக்கு ஏலாது. குளிக்க வாக்கிறதும் நான்தான். போன மாதம் பாத்ரூமுக்கை விழுந்தவர். எழும்பேக்கை பிடிக்காட்டி இன்னும் விழுவார். வண்டில் கராஜுக்கை நிக்குது."

"ராத்திரி?"

சிவகௌரி குரலைத் தாழ்த்தினாள், அவருக்கு விளங்காது என்று தெரிந்தும். "படுக்கை நனையும். விடிய முதல் மகள் மாத்துவா. பிறகு நான் தோய்ப்பன். அதுக்கு அவர் ஒருநாளும் என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. நானும் பாக்கிறேல்லை. அவ்வளவுதான் பிள்ளை. இதை இங்கிலிஷிலை எழுதேக்கை கொஞ்சம் மரியாதையா எழுதுங்கோ."

"மரியாதையாவே எழுதுறேன் ஆன்ட்டி," என்றாள் யாமினி. தட்டினது எல்லாவற்றையும் அழித்து, முதலிலிருந்து தொடங்கினாள். போகும்போது வாசலில் நின்று, "இன்னொரு தடவை சொல்லாம வருவேன். அன்னைக்கு வடை கூடாது," என்றாள். கையில் மிச்ச வடைப் பொட்டலம் இருந்தது.

அடுத்த கிழமை சொல்லாமல்தான் வந்தாள். வண்டி கூடத்தில் நின்றது. விரிப்பு கொடியில் காய்ந்தது. ஐயா கஞ்சி சிந்தின பைஜாமாவோடு கதிரையிலிருந்து அவளுக்குக் கையசைத்தார். சிவகௌரி வெட்கத்தில் அரைவாசி ஆகிவிட்டாள். வடை சுடவில்லை. ஆனால் ஒரு தேத்தண்ணி கொடுத்தாள். அதையும் கொடுக்காமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது.

கடிதம் வர நாளானது. வந்தபோது லூர்டெஸ் அதை வாசித்துவிட்டுச் சிவகௌரியைக் கட்டிப்பிடித்தாள். ஐயா வீட்டிலேயே இருக்கலாம். சிவகௌரி அவரோடு இருக்கிற நேரமும் இன்னும் கூடியது. சிவகௌரி சனிக்கிழமை முருகனுக்கு நன்றி சொல்லப் போனாள். இந்தத் தடவை ஐயர் நட்சத்திரம் கேட்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த முதல் வியாழக்கிழமை, யாமினியின் கார் திரும்பிப் போனதும், ஐயா ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டார்:

"எல்லாவற்றையும் சொல்லிவிட்டாயா?"

"எல்லாம் சொன்னேன்."

"இரவு விஷயம்?"

"அதையும்."

"பொத்தான்?"

"பொத்தானையும்."

ஐயா தலையை ஆட்டினார், சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறினதுபோல. பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்து, நாடியை உயர்த்தி, அவள் பக்கம் கழுத்தை நீட்டினார். சிவகௌரி மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாய்க் கழற்றத் தொடங்கினாள்.