ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த ஜெலட்டின்: ஒரு போடிமெட்டுப் பயணம்

எனக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சி எதுவும் ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காட்டில் நடக்கும்போது உண்ணி கடித்ததால் வந்த ஒவ்வாமை. கோழியும் மீனும் சாப்பிடலாம். மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கலந்த மிட்டாய் ஆகாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் உடம்பு காட்டும். இதே தொல்லையோடு பயணம் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மார்கழியில் ஏலக்காய் மலையைப் பார்க்க மதுரையிலிருந்து தனியாகப் புறப்பட்டேன். காலை ஐந்தரைக்குப் பஸ், எட்டே காலுக்குப் போடி. அங்கிருந்து போடிமெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு நாளைக்கு ஜீப் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டுநர் பாண்டி அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். தினமும் தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகிறவர்.

பத்தரைக்குப் போடிமெட்டில் ஒரு கடையில் ஏலக்காய் ஜெல்லி மிட்டாய் கண்ணில் பட்டது. பாக்கெட்டின் பின்பக்கம் முழுக்கக் கடையின் விலை ஸ்டிக்கர்.

"அண்ணே, இதுல ஜெலட்டின் இருக்கா? எனக்கு ஒத்துக்காது."

"அதெல்லாம் இல்லக்கா. சுத்த சைவம். சீனியும் பழச்சாறும்தான்."

வாய்ச்சொல்லை நம்பி மூன்று தின்றேன். அது என் தப்பு.

இரண்டரை மணிக்கு ஏலச்செடிகளுக்கு நடுவே நடக்கையில் உள்ளங்கை அரித்தது. பிறகு உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை இறுகியது.

"ஆத்தா, மூஞ்சி வீங்குது! வெரசா ஏறு!" என்றார் பாண்டி அண்ணன். ஒரு மணி நேர இறக்கத்தை முக்கால் மணியில் இறங்கி, போடியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீராக வந்தது.

அவர் மிச்சப் பாக்கெட்டோடு கட்டிலருகே வந்தார். நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தார். "இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கு, பாரு ஆத்தா." பொடி எழுத்தில் ஜெலட்டின், மாடு என்றிருந்தது. பக்கத்திலேயே அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம். இரண்டையும் சேர்த்து மறைத்துத்தான் விலையை ஒட்டியிருக்கிறார்கள்!

மறுநாள் காலை டாக்டர் அனுப்பியதும் நேரே அந்தக் கடைக்குப் போனோம்.

"தெனம் எத்தனையோ பேரு வாங்குறாக. ஒங்களுக்கு மட்டும் ஆச்சுன்னா நான் என்னக்கா செய்ய?" என்றார் கடைக்காரர்.

"எதைத் திங்குறோம்னு அவுகளுக்கும் தெரியாதே. நீங்கதான் மறைச்சு ஒட்டியிருக்கீங்களே!" என்றேன்.

அப்போது மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் ஐந்தாறு பேர் கடையில் நின்றார்கள். ஒருவர் கையில் அதே மிட்டாய். எங்கள் சண்டையைக் கேட்டு ஸ்டிக்கரைக் கிழித்துப் படித்தவர் முகம் மாறிவிட்டது.

"இதுல மாடா? நாங்க விரதத்துல இருக்கோம்யா!"

கடைக்காரர் இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சிருங்க சாமி, தெரியாம ஒட்டிட்டோம்." தட்டோடு எல்லாப் பாக்கெட்டையும் உள்ளே எடுத்துப் போனார். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க ஊசியோடு கிடந்தவள் நான்!

மலைக்குப் போகிறவர்களுக்கு: சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின் இருக்கக் கூடாது, ஆனால் பால் பொருள் இருக்கலாம், இந்த ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பாலும் ஆகாது. பழுப்பு முக்கோணம் எந்த மிருகம் என்று சொல்லாது, பட்டியலைப் படியுங்கள். கேப்சூல் மாத்திரையின் உறையும் பெரும்பாலும் ஜெலட்டின்தான். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தைப் பையிலேயே வைத்திருங்கள்; மேலே உதவி கிடைக்க நேரமாகும். ஸ்டிக்கர் மறைத்தால் கிழித்துப் பாருங்கள். கடைக்காரர் விடவில்லையா, பாக்கெட்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். தொண்டை அடைக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கப் போவதில்லை.