மூடிக் கிடந்த மைக்

சாதியா படிப்பது என் வீட்டு வைஃபையில். அந்த உரிமையில்தான் அவளைத் திட்டுகிறேன். பிடிக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

தாராவியில் எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் மூன்றடிதான் இடைவெளி. சாதியா நர்ஸிங் இரண்டாம் வருடம். மாதத்தில் இரண்டு நாள், டாக்டர், பார்மசி, பிசியோதெரபி, நர்ஸிங் மாணவர்களை ஆன்லைனில் ஒரே குழுவாக உட்காரவைத்து, ஒரு நோயாளியைப் பற்றிச் சேர்ந்து யோசிக்கச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். இவள்தான் வாயைத் திறக்க மாட்டாள். முதல் நாள் மைக்கைத் திறந்ததும் பக்கத்துப் பட்டறையின் தையல் மெஷின் தடதடத்தது. "ஃபேக்டரி மே பைட்டீ ஹோ க்யா?" என்று, ஃபேக்டரியிலா உட்கார்ந்திருக்கிறாய் என்று இந்தியில் கேட்டு ஒருவன் சிரித்தான். அன்றே மைக்கை மூடிவிட்டாள், கழுதை.

இது நோன்பு மாதம். அன்றைய நோயாளி, சர்க்கரை வியாதியோடு நோன்பு வைக்கிற ஒரு பெண். நோன்பு வைக்காதே என்று சொல்லிவிடலாம் என்றாள் டாக்டருக்குப் படிப்பவள். எல்லோரும் சரி என்றார்கள். தீர்ந்தது சோலி!

"டாக்டர் முன்னால தலையாட்டிட்டு வீட்டுல வைக்கத்தான் செய்வாங்க," என்று என் வாசலில் போனோடு உட்கார்ந்திருந்த சாதியா என்னிடம் முணுமுணுத்தாள். "மாத்திரைய எப்பப் போடுதீங்கன்னுல்லா கேக்கணும்."

"அத எங்கிட்ட ஏன் சொல்லுத? அங்க சொல்லு!"

"மெஷின் ஓடுது பெரியம்மா."

நர்ஸிங் தரப்பில் ஏதாவது உண்டா என்று ஆசிரியர் கேட்டார். 'நோ சார்' என்று டைப் செய்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவர்கள் வீட்டுக்குள்ளே பாத்திரம் விழுந்தது. அவள் உம்மா ராபியா, நோன்புக் கஞ்சிச் சட்டியின் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கை வெடவெடவென்று நடுங்கியது. அவளும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள்தான்; சர்க்கரை இறங்கிவிட்டது என்று சாதியா சர்க்கரைத் தண்ணீர் கலக்கி நீட்டினாள். ராபியா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நோம்பு தொறக்குற பாங்குக்கு முக்கா மணி நேரந்தாட்டி இருக்கு... நோம்ப முறிச்சிராத."

"உசுரு போயிரும் உம்மா! குடி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ராபியா அழுதுகொண்டே குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

"மாத்திர எப்பப் போட்ட?" என்று சாதியா கேட்டாள்.

"ரெண்டு வேளைக்குள்ளதயும் விடியக்கால சஹர்லயே சேத்துப் போட்டுட்டேன். நேத்தே உங்கிட்ட கேக்க வந்தேன். நீ போன்ல படிச்சிட்டிருந்த. சத்தம் கேட்டா சிரிப்பாங்கன்னு சொன்னியே, அதான் கேக்கல."

வாசலில் போன் கிடந்தது. வகுப்பு இன்னும் முடியவில்லை. சாதியா மைக்கைத் திறந்தாள். மெஷின் தடதடத்தது.

"சார், அப்பவே எங்கிட்ட சொல்ல ஒரு விஷயம் இருந்தது," என்றாள் இந்தியில். "நான் சொல்லலை."