இந்தக் கண் தொற்றாது

அரையிறுதி விவாதத்தில் என் முறை வந்தபோது, இரண்டு மாதமாக விட்டுவிட்டு வந்த அரிப்பு இரண்டு கண்களிலும் ஒருசேரத் தொடங்கியது. கல்பிட்டிக் கரைக்கு உல்லாச விடுதிகள் நன்மையா தீமையா என்பது தலைப்பு. தொகுப்புரை என்னுடையது. இரு அணியினரும் வைத்துவிட்டுப் போன வாதங்களை எடுத்து அடுக்கி, எதிரணி எழுப்பிய கட்டடத்தைத் தட்டிவிட வேண்டிய கடைசி ஐந்து நிமிடம். பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணைக் கசக்கினேன். ஒரு முறை கசக்கியவர் மறுமுறை கசக்காமல் நிற்க முடியாது என்பதை அரிப்புக் கண்டவர்கள் அறிவார்கள். கன்னம் நனைந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அழுறாடா! தோத்துட்டம் எண்டு இப்பவே அழுறா!"

சபை சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்று, விட்ட வாக்கியத்தை விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தேன். அன்று வென்றோம். மேடையை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, எங்கள் அணியின் மாற்றுப் பேச்சாளர், என் வயதுப் பெண், நான் பிடித்திருந்த ஒலிவாங்கியைத் தன் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அணியின் பொறுப்பாளர் வீட்டுக்கு வந்துவிட்டார். புத்தளம் நகரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். பேச்சின் மீதுள்ள பிரியத்தால் எங்களைப் பயிற்றுவிப்பவர். கதிரையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"மகள், மனசுல வெச்சிக்காதீங்க. உங்களுக்குக் கண் நோய் எண்டு எல்லாரும் கதைக்கிறாங்க. இறுதிப் போட்டிக்கு மத்தப் புள்ளயப் போடுவம்."

"யாருக்குத் தொத்தின சேர்?"

"இன்னும் யாருக்கும் இல்ல."

"ரெண்டு மாசமா ஒரே மேசையில இருந்து படிக்கிறம். ஒரு கோப்பைப் பிளேன்டீய மாறி மாறிக் குடிச்சிருக்கிறம். தொத்துற நோயெண்டா இவ்வளவு நாளா வெக்கப்பட்டுக்கொண்டா நிக்கும்?"

உள்ளே வாப்பா சிரித்தார். பொறுப்பாளர் சிரிக்கவில்லை.

"வாய் நல்லாத்தான் இருக்கு. கண்தான் சரியில்ல. தொத்தாது எண்டு டொக்டர்ட துண்டு ஒண்டு கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமைக்கு முந்தி. இல்லாட்டி என்னை மன்னிச்சிக்கோங்க."

சனிக்கிழமை இறுதிப் போட்டி. ஓராண்டு உழைப்பு ஒரு துண்டுக் கடதாசியில் தொங்கியது.

என் கண் ஏன் அரிக்கிறது என்பதற்கு ஊரில் விடைகளுக்குப் பஞ்சமிருக்கவில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம். மணல் பறக்கிறது என்றார்கள் அயலவர்கள். மேடையில் பட்ட கண்ணூறு என்றார் உம்மா. செத்தல் மிளகாயைத் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டு, அந்தப் புகையில் மிச்சமிருந்த கண்ணீரையும் வரவழைத்தார். பகலெல்லாம் போனுக்குள் கிடந்தால் அரிக்காதா என்று கேட்ட என் மூத்த சகோதரர், நாநா, மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கிய சொட்டு மருந்தொன்றைக் கொண்டுவந்து வைத்தார். அனைத்தையும் நிராகரித்தேன். ஆதாரமற்றவை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டி நிராகரித்தேன். என் சொந்த வைத்தியத்தின் மீது மட்டும் எனக்குப் பூரண நம்பிக்கை இருந்தது.

நான் உப்பளத்துத் தொழிலாளியின் மகள். எங்கள் வீடுகளில் முள் கீறினாலும் உப்பு, தொண்டை கட்டினாலும் உப்பு, பல் வலித்தாலும் உப்பு. கிருமி உப்பில் நிற்குமா என்பது வாப்பாவின் கேள்வி. அதற்கு மறுப்புச் சொல்ல அந்த வீட்டில் எவருக்கும் தோன்றியதில்லை. ஆகவே பாத்தியிலிருந்து வந்த வெள்ளைக் கல்லில் நல்லதாகப் பார்த்து ஒன்றெடுத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து, காலையும் மாலையும் கண்ணைக் கழுவி வந்தேன். எரிந்தது. எரிவது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று எனக்கு நானே வாதாடினேன். நடுவரும் நானே ஆகையால் தீர்ப்பும் எனக்கே கிடைத்தது.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியின் கண் கிளினிக்கில் என் இலக்கத்தை அழைத்தார்கள். டொக்டர் இளம் பெண், சிங்களவர், மெதுவான, நேரான தமிழில் பேசினார். எப்போது தொடங்கியது என்று கேட்டார். நான் எழுந்து நின்று, பின்னணி, வளர்ச்சி, சமூகத்தின் தப்பெண்ணம் என மூன்றாகப் பிரித்து விளக்கத் தொடங்கினேன்.

"தங்கச்சி, இருந்து சொல்லுங்க. வெளிய நாப்பது பேர் இருக்காங்க. அரிப்பா, வலியா?"

"அரிப்பு."

"ஒரு கண்ணா, ரெண்டுமா?"

"ரெண்டும்."

"காலையில பீளை கட்டி இமை ஒட்டுதா?"

"இல்ல. தண்ணியா வடியும். தும்மலும் வரும்."

மேலிமையைப் புரட்டி விளக்கொளியில் பார்த்தார். உள்ளே சின்னச் சின்னத் தடிப்புகள் இருப்பதாகச் சொன்னார். பிறகு என்ன போட்டேன் என்று கேட்டார். உப்பு நீரைப் பற்றிச் சொன்னதும் பேனையைக் கீழே வைத்தார்.

"கண் என்ன கருவாடா, உப்புப் போட?"

பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டார். மேடையில் எந்த எதிரணியும் என்னை ஒரே வரியில் அப்படி வீழ்த்தியதில்லை. கண்ணுக்கு உகந்த உப்பு நீர் அளவோடு, கிருமி நீக்கி, மூடிய போத்தலில் வரவேண்டும். வீட்டுத் தம்ளரில் கரைத்தது புண்ணாக்கத்தான் உதவும் என்று விளக்கினார். உம்மா வற்புறுத்திக் கைப்பையில் போட்டுவிட்ட நாநாவின் சொட்டு மருந்தையும் காட்டினேன். அதில் ஸ்டீரொயிட் இருந்தது. சிவப்பை விரைவில் போக்கும், அதை நம்பி, டொக்டர் பார்க்காமல் தொடர்ந்து ஊற்றி வந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வையையே கெடுக்கலாம் என்றார். அதை மட்டும் நான் தொடவில்லை என்பதைச் சற்றுப் பெருமையோடு தெரிவித்தேன். அவர் அந்தப் பெருமையைக் கவனிக்கவில்லை.

"இது ஒவ்வாமை. எங்க இருக்கும்போது கூடுது?"

அந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. நானும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. மாலையில், அஸர் தொழுகைக்குப் பிறகு, வாப்பா வேலை செய்யும் உப்புக் களஞ்சியத்தில்தான் நான் பேசிப் பழகுவேன். தகரக் கூரையின் கீழ் குரல் மண்டபத்தில் போல முழங்கும். சுவரோரம் அடுக்கிய பழைய சணல் சாக்குகள்தாம் என் சபை. கை வீசும் வேகத்தில் அவற்றை அடித்துப் பேசும் வழக்கமும் உண்டு. அதைச் சொன்னேன்.

"தூசி பறக்குமா?"

"பறக்கும். ஆனா அங்க ஆறு பேர் வேலை செய்றாங்க. ஒருத்தருக்கும் அரிக்கல்லயே, டொக்டர்?"

"ஒரே தூசிக்கு எல்லா உடம்பும் ஒரே மாதிரிச் சண்டை பிடிக்காது. களஞ்சியம் பூட்டியிருந்த நாள் ஏதும் இருந்ததா?"

இருந்தது. பெருநாளுக்கு நான்கு நாள் பூட்டியிருந்தது. அந்த நான்கு நாளும் கண்ணை நான் மறந்தே இருந்தேன். எனக்கெதிரான சாட்சியை என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ஆதாரம் எதிர்ப்பக்கம் நிற்கும்போது அதை மறைப்பவர் பேச்சாளர் அல்லர் என்று நான் பலமுறை முழங்கியிருக்கிறேன். அன்று அதற்கு விலை கொடுத்தேன்.

ஒவ்வாமைக்கான சொட்டு மருந்து, காலையும் மாலையும். கண் உலர்ந்தால் செயற்கைக் கண்ணீர். அரித்தால் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமையின் மேல் வைக்க வேண்டும். வெளியே காற்றில் போகும்போது கண்ணாடி. வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ உடனே வரவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கசக்கக் கூடாது. கசக்கக் கசக்க அரிப்புத்தான் வளரும்.

"சனிக்கிழமைக்குள்ள சுகமாகுமா?"

"கொஞ்சம் குறையும். முழுசா இல்ல. மேடையிலயும் தண்ணி வரலாம்."

துண்டில் 'தொற்றுநோய் அல்ல' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அதை அன்றே பொறுப்பாளரின் கடையில், ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே, அவர் முன்னால் விரித்தேன். இரண்டு முறை வாசித்தார்.

"துண்டு சரி மகள். ஆனா சனத்துக்கு ஒவ்வொருத்தராத் துண்டு காட்டேலாதே. கறுப்புக் கண்ணாடி ஒண்டைப் போட்டுக்கொண்டு பேசுங்களேன்."

"றோட்டுல போடுவன், சேர். டொக்டர் சொன்னாங்க. மேடையில போட மாட்டன்."

"ஏன் இந்தப் பிடிவாதம்?"

"கண்ணாடி போட்டா நோய் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. எனக்கு இருக்கிறது தொத்துற நோயில்ல. நான் மறைக்கிறதுக்கும் ஒண்டும் இல்ல. என்ட கண்ணைப் பார்த்துக் கேக்கட்டும்."

வாடிக்கையாளர் ஒருவர் இரண்டங்குல ஆணி கேட்டார். பொறுப்பாளர் அதை நிறுத்துக் கொடுத்தார். பிறகு, "நேரத்துக்கு வாங்க" என்றார்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. இம்முறையும் தலைப்பு கல்பிட்டிக் கரையைப் பற்றியதுதான். களஞ்சியத்துக்குப் போகாமல் இரண்டு நாள் வீட்டு முற்றத்தில், தலைக்கு மேல் காகம் கரைய, பழகியிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் இடது கண் அரிக்கத் தொடங்கியது. இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நீர் வழிந்து நாடியில் நின்று, கழுத்துக்குள் இறங்கியது. முன்வரிசையில் ஒருவர் மற்றவரின் காதில் ஏதோ சொன்னார். நான் அவரையே நேராகப் பார்த்து அடுத்த வாதத்தை வைத்தேன். அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினார். நான் மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் பேசியதை விடப் பேசாமல் பிடித்துக்கொண்டு நின்றதற்கே அதிக வலிமை தேவைப்பட்டது.

நாங்கள் தோற்றோம். மீனவர்களின் கரையுரிமை பற்றிய என் இரண்டாவது வாதத்தில் சான்று போதவில்லை என்றார் தலைமை நடுவர். உண்மைதான், போதவில்லை. அவருடைய நீண்ட விமர்சனத்தில் கண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வாதத்தின் குறைக்காக மட்டும் தோற்பது என் உரிமை. அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தே இறங்கினேன்.

படம் எடுக்க அணியை வரிசையாக நிற்கச் சொன்னார்கள். மாற்றுப் பேச்சாளர் இப்போதும் என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றாள். அவளுடைய சால்வையைப் பிடித்து இழுத்தேன்.

"கிட்ட வாடி. துண்டை வாசிச்சுக் காட்டவா?"

"வேணாம். நீ வாசிச்சா அரை மணித்தியாலம் போகும்" என்று சொல்லிவிட்டு, தோளோடு தோள் ஒட்டி வந்து நின்றாள்.