அருவிக்குக் கூட வந்த இன்ஸ்பெக்டர்

அப்பா ஜட்ஜு உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கதர் கட்டியபோது எனக்கு ஏழு வயது. இனி எந்நேரமும் எங்களோடு இருப்பார் என்று நம்பினேன். ஆனால் சேலத்து வீடு கதர் கட்டிய கட்சிக்காரர்களால் நிரம்பிவிட்டது. கோர்ட்டுக்குப் போன காலத்திலாவது சாயங்காலம் கைக்குக் கிடைத்தவர், இப்போது அதுவும் இல்லை.

மேடைகளில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய், வைத்தியர் ஓய்வெடுக்கச் சொன்னதால் கொல்லிமலைக்குப் போனோம். மலைமேல் பைல் நாடு என்ற பகுதியில் ஒரு மிளகு விவசாயியின் வீட்டில் இடம் கிடைத்தது. அவர்மேல் யாரோ போட்ட பொய் வழக்கை முன்பு அப்பா தள்ளுபடி செய்திருந்தாராம். அங்கும் வரப்புத் தகராறு, பலாமரத் தகராறு என்று ஆட்கள் வந்தார்கள்.

“நான் இப்ப ஜட்ஜு இல்லீங்க” என்பார் அப்பா.

“சர்க்காருக்குத்தானுங்களே இல்ல” என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

அருவிக்குக் கூட்டிப் போவதாக அப்பா எனக்குச் சொன்ன வாக்கு ஒவ்வொரு நாளும் தள்ளிப்போனது. கடைசியில் ஒரு காலை, நாங்கள் கிளம்பி வாசலில் நிற்கும்போது, ஓர் இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். அப்பாவைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் சல்யூட் வைத்துவிட்டு, அப்புறம் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“ஐயா முன்னால கூண்டேறிச் சாட்சி சொன்னவனுங்க நானு. இப்படி வாரண்டோட வர வேண்டியதாப் போச்சு.”

“உங்க வேலைங்க அது” என்றார் அப்பா. “புள்ளைக்கு அருவி காட்டறேன்னு சொல்லிட்டனுங்க. போயிட்டு வந்து கிளம்பலாமுங்களா?”

இன்ஸ்பெக்டர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வாங்க. நானும் கூட வாரனுங்க.”

போலீஸ்காரர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் வந்தார். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். இறங்கும் வழியெல்லாம் அவருடைய காதைப் பிடித்திருந்தேன். அருவியில் தலை காட்டிய அப்பா சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் நான் கேட்டதே இல்லை. நனைய மாட்டேன் என்ற அம்மாவைக் கைபிடித்து உள்ளே இழுத்தார். புடவை முழுக்க நனைந்து அம்மாவும் சிரித்தாள். இன்ஸ்பெக்டர் தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டிப் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்.

“இவரு எதுக்குங்கப்பா வந்தாரு?”

“நமக்குத் தொணைக்கு, கண்ணு.”

மத்தியானம் அப்பா அவரோடு மலையிறங்கினார். “வாரேன் சாமி” என்று என் ஈரத் தலையைத் துவட்டிவிட்டுப் போனார்.

சிறையிலிருந்து வந்தவரை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அதற்குப்பின் அவர் ஊருக்கே தலைவர். நானும் கூட்டத்தில் ஒருத்தியாக நின்று அவர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். அவர் தோளில் மறுபடி ஏறவில்லை.

அருவிக்குப் போன அன்று சாயங்காலம் அம்மாவிடம், “அந்தப் போலீஸ்காரரு வந்துதான் சீக்கிரம் கிளம்ப வேண்டியதாயிருச்சு” என்று கோபமாகச் சொன்னேன். அம்மா என்னை மடியில் இழுத்துக்கொண்டாள். அப்பா தானாகக் கரையேறும்வரை அந்த மனிதர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி உட்கார்ந்து அவர் எங்களுக்கு எதைக் கொடுத்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.