சயாமுக்கு வழி மைசூரில்

காலை ஏழு மணிக்குக் கொள்ளேகாலில் மோட்டார் பஸ் ஏறினேன். மைசூர் முப்பத்தெட்டு மைல். திருமகூடலு தாண்டும்வரை மடியில் ஒரு கோழிக்கூடை, அதற்கப்புறம் இன்னொருவர் பலாப்பழம். நாற்பத்தைந்து வயதில் பள்ளிக்கூடம் போகிறவனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்!

பாங்காக்கில் என் தங்கை மாப்பிள்ளைக்குப் பட்டுக் கடை. அவர் வாதம் வந்து படுத்துவிட்டார். தங்கை அவர் பக்கத்தில் இருந்தால் கடை பூட்டு, கடையில் இருந்தால் அவருக்குக் கஞ்சி ஊட்ட ஆளில்லை. "அண்ணா, சயாம் பாஷை பேசி நீ தனியாகக் கடையில் நிற்க முடியுமானால் வா. முடியாவிட்டால் விற்றுவிட்டு இவரைத் தூக்கிக்கொண்டு ஊர் வருகிறேன்" என்று எழுதியிருந்தாள். அந்தப் பாஷையில் சொல்லை ஏற்றியும் இறக்கியும் சொன்னால் பொருளே மாறிவிடுமாம். நமக்கோ பஜனையிலேயே சுருதி சேராது.

மைசூரில் ஆறு மாதம் படிப்பதா, பினாங்கில் இறங்கிச் சயாம் பிக்குகளிடம் படிப்பதா, துணிந்து நேரே போவதா? இதை முடிவு செய்யத்தான் அக்ரஹாரத்துக்கு நாலணா கொடுத்து ஜட்கா பிடித்தேன். அங்கே வேதவல்லி அம்மாள், வயது முப்பதுக்குள். கணவர் பாங்காக்கில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கெழுதியபோது கூடவே இருந்து குடித்தனம் நடத்தி, சயாம் பாஷை கற்றுக்கொண்டவர்.

"வாங்கோ, உக்காருங்கோ. என் பாடத்துல ஒரே சட்டம். வேணுங்கறதைச் சயாம்ல கேக்கணும். சுரம் தப்பினா கிடைக்காது" என்றார்.

முதல் நாள் எழுத்து. எழுத்துகள் மூன்று வகையாம். மேலே போடும் அதே கோடு, நடுவகை எழுத்தில் குரலைத் தாழ்த்தும், கீழ்வகையில் உயரத்திலிருந்து இறக்கும். கோடு போடாத எழுத்துக்கும் சுரம் உண்டு. விதி மண்டையில் ஏறிவிட்டது. வாயில்தான் வரவில்லை.

தண்ணீர் கேட்க 'கோ நாம்' என்று சொல்ல வேண்டும். 'கோ' கீழிருந்து ஏற வேண்டும், 'நாம்' மேலேயே நிற்க வேண்டும். நான் கேட்டேன். சொம்பு நகரவில்லை. மறுபடி கேட்டேன். ஊஹூம். நான் தங்கியிருந்த தேவராஜ மொஹல்லா சத்திரத்துக்குத் திரும்பிப் போய்த்தான் தாகம் தீர்த்துக்கொண்டேன். மூன்று நாள் இதே கதை.

நாலாம் நாள் பொறுக்க முடியாமல், "ஏனுங்க அம்மிணி, தண்ணி கேக்கறவனை இப்படி வாட்டலாமுங்களா?" என்றேன்.

"இப்பவும் அப்படித்தான் கேக்கறேள், பாருங்கோ! குனிஞ்சு, குரலைத் தாழ்த்தி, இழுத்து..."

"பின்னே? அடுத்தவிய ஊட்டுல அதட்டியா கேப்பாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "உங்களுக்குக் காது கெடலை. மரியாதைதான் கெடுக்கறது. எதைக் கேட்டாலும் குரல் தானா இறங்கிடறது. அங்கே கும்பிட்டுண்டு பேசுவா. மரியாதையைக் கையில வச்சுக்கோங்கோ, குரலை விட்டுடுங்கோ."

அட! எங்கள் பக்கத்தில் தராசைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசினாலும் குரலை இறக்கித்தான் பழக்கம். கை கூப்பினேன். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, 'கோ' என்று ஏற்றி, 'நாம்' என்று மேலேயே நிறுத்தினேன். சொம்பு வந்தது. அந்தத் தண்ணீரின் ருசியை என்னவென்று சொல்வேன்! நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"அப்ப ஆறு மாசம் இங்கயே இருந்து படிக்கறேனுங்க" என்றேன்.

"எதுக்கு? விதி தெரிஞ்சாச்சு. இங்கே நான் ஒருத்திதான், உங்க தப்பு எனக்குப் பழகிடும், சரியாச் சொல்றேள்னு விட்டுடுவேன். அங்கே கடைக்கு வரவா எல்லாரும் வாத்தியார். சிரிப்பா. சிரிச்சுட்டுச் சொல்லித் தருவா. கிளம்புங்கோ."

பினாங்கும் வேண்டாம், ஆறு மாதமும் வேண்டாம். மாலை நாலு மணிக்குத் தபாலாபீசில், "கடையை விற்காதே, வருகிறேன்" என்று தங்கைக்குத் தந்தி அடித்தேன். பதில் பார்க்காமல் பஸ் ஏற மனம் ஒப்பவில்லை. காத்திருந்த நாளில் ஊர் சுற்றினேன். மைசூரின் வீதிகள் அகலம், கொள்ளேகாலில் எதிரே வண்டி வந்தால் சுவரோடு ஒட்ட வேண்டும். ஆனாலும் எந்த வீதியும் என் கண்ணில் தங்கவில்லை.

மறுநாள் பதில் வந்தது. "அவரிடம் சொன்னேன். இன்று எழுந்து உட்கார்ந்தார்."

தந்தி ஆபீஸ் வாசலில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.