தையல்கடை பாய் கொடுத்த பெயர்

என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சொந்தக்காரர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள எந்தப் பெயரையும் கதையில் கெட்டவர்களுக்கு வைக்கமாட்டேன். பல வருஷத்துக்கு முன் ஒரு வாரப்பத்திரிகைக் கதையில், கோள்மூட்டுகிற நாத்தனாருக்கு என் சொந்த நாத்தனாரின் பெயரையே தெரியாத்தனமாக வைத்துத் தொலைத்தேன். அவ்வளவுதான். மயிலாப்பூரில் அவள் வீட்டுப் படியை இரண்டு வருஷம் மிதிக்க முடியவில்லை. "ஊர் உலகத்துல வேற பேரே கெடைக்கலியா உனக்கு?" என்று போனில் அழுதாள். அன்றைக்கே உட்கார்ந்து பட்டியல் போட்டேன்.

ஆகவே, ஒரு பெயர் என்ன செய்யும் என்பது பாவம் இவளுக்குத் தெரியாது என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். எனக்கு நன்றாகத் தெரியும்.

மற்றவர்களுக்குப் பட்டியல் கிடையாது. கிறிஸ்தவப் பெண் வந்தால் நர்ஸ். நாலு கதையில் நாலு நர்ஸுக்கும் ஒரே பெயர்தான் வைத்தேன். நேபாளி வாட்ச்மேனுக்குப் பெயரே வேண்டாம், கூர்க்கா என்றால் முடிந்தது. அடையாறு பார்லரில் எனக்குப் புருவம் திருத்தும் மணிப்பூர்ப் பெண்ணைக் கதையில் சேர்த்தபோது, அவளுடைய பெயர் வாயில் நுழையவில்லை என்று நாய்க்குட்டிக்கு வைப்பது போல் இரண்டெழுத்தில் ஒன்று வைத்தேன். ஆப்பிரிக்க மாணவனுக்கு டிவியில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் மேட்சிலிருந்து ஒரு பெயரை எடுத்துப் போட்டேன். எவரும் ஏன் என்று கேட்கவில்லை. யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

பிறகு பத்திரிகைகள் படுத்துவிட, கைபேசியில் காதால் கேட்கிற தொடருக்கு எழுதப் போனேன். தினம் காலை பதினோரு மணிக்குக் கால் மணி நேரக் கதை வரும். ஆபீஸ் அசோக் நகரில். அங்கே கதையைப் பார்த்துக்கொள்கிற தம்பி, "மேடம், எல்லா மாதிரி ஆளுங்களும் இருக்கணும். கதாநாயகிக்கு ஒரு முஸ்லிம் ஃப்ரெண்டு போடுங்க" என்றார்.

முஸ்லிம் என்றதும் எனக்குத் தெரிந்தவர் தி.நகரில் ரவிக்கை தைக்கிற பாய்தான். ஒன்பது வருஷமாக அவரிடம்தான் தைக்கிறேன். ஒன்பது வருஷமாக அவர் பெயரை நான் கேட்டதில்லை. பாய் என்றால் திரும்பிப் பார்ப்பார், அது போதுமாக இருந்தது.

அவரும் யாரையும் பெயர் கேட்கமாட்டார். அளவு நோட்டில் தானாகவே ஒரு பெயர் வைத்துவிடுவார். பேங்க் அம்மா, மந்தைவெளி கண்ணாடி, சண்டைக்கார மாமி. நான் கதைக்காரம்மா. ஒருமுறை ஒருத்தர் துணியை இன்னொருத்தருக்குக் கொடுத்துவிட்டுப் பட்ட பாட்டில், நோட்டில் உள்ள பெயரை உரக்கக் கூப்பிடுவார். ஆள் பதில் சொன்னால்தான் பை கைமாறும். சண்டைக்கார மாமிகூடச் சிரித்துக்கொண்டே "இருக்கேன்" என்பாள்.

"பாய், கதைக்கு ஒரு முஸ்லிம் பொண்ணு பேர் சொல்லுங்க" என்று கேட்டேன்.

"நல்ல பொண்ணா, கெட்ட பொண்ணாமா?"

"தங்கமான பொண்ணு."

சட்டென்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "ஊட்ல பேசினோம்மா. எம் பொண்ணு பேரையே வெச்சுக்கங்க. நானா யோசிச்சு வெச்சது. மெட்ராஸ்லயே வேற யாருக்கும் கெடையாது." அவர் குரலில் அப்படி ஒரு பெருமை. மனுஷன் இரண்டு நாள் யோசித்திருக்கிறார். நான் எந்தப் பெயருக்கும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் செலவழித்ததில்லை.

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதிய வரைக்கும் போதும்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பதினோரு மணி ஆனால் பாய் மிஷினை நிறுத்திவிடுவாராம். பக்கத்தில் ஹெம்மிங் பண்ணும் அவர் மனைவி, பெண்ணின் பெயர் வரும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாராம். பி.காம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் ஒருநாள் கடையில் என்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, எங்க கிளாஸ் ஃபுல்லா கேக்குது" என்றாள். அவளுக்கு முகமெல்லாம் பல்.

அப்புறம் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். "யாருமே எதிர்பாக்காத ஒருத்தர் கதாநாயகி பால்ல விஷம் கலக்கணும், மேடம்" என்றார் ஆபீஸ் தம்பி. கதாநாயகிக்கு நெருக்கமானவர்கள் இரண்டே பேர், அண்ணியும் தோழியும். அண்ணிக்கு என் ஓரகத்தி மகளின் பெயர் வைத்திருந்தேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவள் பெயர் பட்டியலில் இருந்தது. ஆகவே தோழி கலந்தாள். முடிவெடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தப் பகுதி வந்த பத்தாம் நாள் பாய் மந்தைவெளிக்கு என் வீடு தேடி வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை.

"காலேஜ்ல புள்ள வந்தா எல்லாம் டிஃபன் டப்பாவ மூடிக்கிறாங்களாமா. 'விஷம் வருதுடி'ன்னு சிரிக்கிறாங்களாம். தனியா குந்திக்கினு சாப்புடுது. பேர மட்டும் மாத்திடுங்கமா. ஒரு வரி போதும். அவ இம்மாநாளும் பொய்ப் பேரு சொல்லிக்கினு இருந்தா, நெஜப் பேரு வேறன்னு எழுதிட்டா முடிஞ்சுது."

நல்ல யோசனைதான். கதைக்கே இன்னொரு திருப்பம் கிடைத்திருக்கும். அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தையல்காரர் எனக்குக் கதை சொல்லித்தருவதா?

"உங்களுக்குக் காஜா எடுக்க நான் வந்து சொல்லித் தரேனா, பாய்?"

சொல்லியேவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். ஆபீஸில் கேட்டுச் சொல்வதாக அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன். நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஆபீஸ் தம்பி உடனே சரி என்றிருப்பார். ஆனால் விஷம் கலந்த நாளிலிருந்து கேட்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. எனக்கும் அவளை எழுதுவது ருசித்துவிட்டது. அடுத்த வாரம் பாய் போன் செய்தபோது, "ஆபீஸ்ல ஒத்துக்கலை" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"புள்ள காலேஜுக்கே போறதில்லமா இப்போ."

"நாலு நாள்ல எல்லாம் மறந்துடுவாங்க, பாய்."

அன்று சாயங்காலம் அந்தப் பாத்திரம் கண்ணாடி முன் நின்று சிரிக்கிற காட்சி எழுதினேன். என் கணவர் சாப்பிடும்போது கேட்டார்: "அந்தப் பேர் உன் பட்டியல்ல இருந்திருந்தா?"

"சோறு ஆறுது. சாப்பிடுங்க" என்றேன்.

தொடர் முடிந்தது. ஓரகத்தி மகளின் கல்யாணம் நெருங்கியது. என் உடம்புக்கு அந்தக் கைதான் சரி என்று, வெட்கம் கெட்டுப்போய், கணவரிடம் மூன்று ரவிக்கைத் துணி கொடுத்தனுப்பினேன். பாய் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாராம். கோபமெல்லாம் போய்விட்டது போலிருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு நானே வாங்கப் போனேன்.

முகூர்த்த மாதம், கடையில் ஏழெட்டுப் பெண்கள். பாய் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேங்க் அம்மா வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் தன் மகளின் பெயரைக் கூப்பிட்டார்.

யாரும் அசையவில்லை. பெண் உள்ளேயிருந்து வருவாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். ஹெம்மிங் பண்ணிக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிரவில்லை.

"உங்களத்தாமா" என்றார் பாய். நோட்டை என் பக்கம் திருப்பினார். என் அளவுகளுக்கு மேலே கதைக்காரம்மா என்பது கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் தடித்த பேனாவில் அந்தப் பெயர்.

"உங்களுக்குத்தான் அது புடிச்சிருந்துது. வெச்சுக்கங்க. புள்ளைக்கு வேற பேரு மாத்திட்டோம். கெஜட்ல வந்துட்டுது, வேற காலேஜ்ல சேர்த்துட்டோம்."

"என்ன பேர் வெச்சீங்க, பாய்?" என் வாய் அதைத்தான் கேட்டது. மன்னிப்பு என்ற சொல் அதற்கு முன்னால் வரவில்லை.

"அத உங்களாண்ட சொல்ல மாட்டேன்மா."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. பையைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில் மறுபடி அந்தப் பெயரைச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். பதில் சொல்லாமல் பை வராது என்று எனக்குத் தெரியும்.

"இருக்கேன்" என்றேன்.

பையைக் கொடுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். மூன்று ரவிக்கையும் ஒரு நூல் பிசகாமல் எனக்குப் பொருந்தியிருந்தன.