தின்னிப்பண்டாரத்தின் படம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு படப்புத்தகம். பதுளையிலிருந்து பாதிரியார் அனுப்பியது. பிள்ளைகளுக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று ஒவ்வொரு தாளிலும் ஒரு கெட்ட பிள்ளையை வர்ணத்தில் அச்சடித்திருந்தார்கள். பொய் சொன்னவன், சோம்பிக் கிடந்தவள், நாயை அடித்தவன் எல்லோருமே சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள். நாங்கள் அதுவரை கண்ட வெள்ளைக்காரர் தோட்டத்தை ஆண்ட துரை ஒருவர்தான். அவருக்கு யார் புத்தி சொல்வார்கள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

எல்லோரிலும் பெரிய கெட்டவனுக்கு வாத்தியார் தின்னிப்பண்டாரம் என்று பெயர் வைத்திருந்தார். அக்காள் பங்கையும் பிடுங்கித் தின்று, கன்னம் உப்பி, தொந்தி சட்டைப் பொத்தானைத் தள்ள நிற்பான். தாளைத் திருப்பினால் வயிற்றுவலியில் புரளுவான். பாடம் அவ்வளவுதான்.

ஒருநாள் வாத்தியார் புத்தகத்தை என்னிடம் தந்து, வீட்டிலும் காட்டிப் பாடம் சொல்லச் சொன்னார். சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்து, கப்பலில் அரிசி சரியாக வராத காலம் அது. தோட்டத்தில் குறைத்துத்தான் அளந்தார்கள். அம்மா பிள்ளைத்தாய்ச்சி. எனக்கு அடுத்துப் பிறந்த இருவரையும் பெயர் வைக்கும் முன்பே தேயிலை ஓரத்தில் புதைத்திருந்தார்கள். இதுவாவது நிலைக்க வேண்டுமே என்பதுதான் அவளுடைய பயமெல்லாம்.

நான் வாத்தியாரைப் போலவே குரலைக் கனமாக்கிக்கொண்டு பாடம் நடத்தினேன். மற்ற பிள்ளைகளை அம்மா சட்டை செய்யவில்லை. தின்னிப்பண்டாரம் வந்ததும் அவன் கன்னத்தை விரலால் தடவினாள். மறுநாள் அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் அந்தத் தாளைப் பிசிறில்லாமல் அறுத்தெடுத்து, அரிசிக்குத் திண்டாடிய அந்த நாளிலும் சோற்றுப் பருக்கையை நசுக்கி, பாய்க்கு எதிர்ச்சுவரில் ஒட்டிவிட்டாள். சுமக்கிறவள் கண் விழித்ததும் எந்த முகத்தைப் பார்க்கிறாளோ அந்த முகத்தோடு பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வயிற்றுவலிப் பக்கம் சுவரோடு போயிற்று.

எனக்கு வந்த கவலை வேறு. இப்படி ஒருவன் தம்பியாகப் பிறந்தால் என் கஞ்சி என்ன ஆவது? அந்தப் படத்தில் அக்காள்காரி வெறும் தட்டோடு அழுதுகொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

தாள் போனதைக் கண்ட வாத்தியார் என் உள்ளங்கையைப் பழுக்க வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கே வந்துவிட்டார். பாதிரியாருக்கு அவரல்லவா பதில் சொல்லவேண்டும். குனிந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தவர், தின்னிப்பண்டாரத்தின் நெற்றியில் விபூதியைக் கண்டார்.

“அது கெட்ட பையன்மா. அவன மாதிரி இருக்கக்கூடாதுங்கிறதுதான் பாடமே” என்றார்.

“வயிறு நெறஞ்சிருக்குதுங்களே ஐயா” என்றாள் அம்மா. “புள்ள பொறக்குற வரைக்கும் இருக்கட்டுங்க.”

வாத்தியார் வந்த வழியே போய்விட்டார். அதற்குப் பிறகு புத்தகத்தை எடுக்கும்போதெல்லாம், அந்த இடத்தில் ஒரு தாள் இருந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் அடுத்த பாடத்துக்குப் போனார். பாதிரியாரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது.

தங்கச்சி விடியற்காலையில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் நேரத்தில் பிறந்தாள். மருத்துவச்சி அவளை ஒரு கையிலேயே ஏந்திக் காட்டினாள். கன்னம் என்று சொல்ல அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. அழத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அம்மா பிள்ளையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடியும் பிள்ளையைப் பார்த்தாள். என்னைப் போலத்தான் அவளும் பயந்திருக்கிறாள் என்று நினைத்து, காதோரம் குனிந்து தைரியம் சொன்னேன்.

“பயப்படாதம்மா. இது நெறைய திங்காது.”

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று என் கஞ்சியை அவசரமில்லாமல் உட்கார்ந்து குடித்தேன்.